முதல் காசோலையும் கடைசி வாடிக்கையாளரும்

(பொறியியல் மாணவர்களும் சிறுதொழில் நடத்துபவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரசாங்கம் தொழிலில் கை வைக்கலாமா என்று கேட்டால் நம்மிடையே பேச்சு உடனே இரண்டு கட்சியாகிவிடும். எல்லாவற்றையும் அரசே நடத்த வேண்டும் என்பார்கள் சிலர். அரசு ஒதுங்கி நின்றாலே போதும், நாடு உருப்பட்டுவிடும் என்பார்கள் வேறு சிலர். இந்த இரண்டாவது கட்சிக்காரர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் நாடு அமெரிக்கா. அந்த அமெரிக்காவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஓர் அரசுத் திட்டத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்யும் கம்பெனிகளுக்கு அங்கே மத்திய அரசு ஆராய்ச்சிப் பணம் கொடுத்துவந்திருக்கிறது. அது கடன் கிடையாது. பதிலுக்குக் கம்பெனியில் பங்கும் கேட்பதில்லை. ஒழுங்காக உழைத்தும் ஆராய்ச்சி தோற்றுப்போனால் பணத்தைத் திருப்பித் தா என்று யாரும் வந்து நிற்பதில்லை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘எஸ்.பி.ஐ.ஆர்.’ என்கிறார்கள். சிறு நிறுவனப் புத்தாய்வுத் திட்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு அடுக்குகிறேன். தொடக்கத்தில் கொடுக்கும் சின்னத் தொகை பெரிய வேலை செய்கிறது. நடுவில் கொட்டும் பெரிய தொகை நாம் நினைக்கிற அளவுக்குச் செய்வதில்லை. கடைசியில் பொருளைக் காசு கொடுத்து வாங்க ஆள் இல்லையென்றால் இரண்டுமே வீண். பொருளறிவியல், எரிசக்தி ஆகிய இரண்டு துறைகளில் இது பளிச்சென்று தெரிகிறது. அதனால் உதாரணங்களை அங்கிருந்தே எடுக்கிறேன்.

திட்டம் பிறந்த விதம்

1970களில் அமெரிக்கப் பொருளாதாரம் சோர்ந்து கிடந்தது. எண்ணெய் விலை ஏறியது. ஜப்பானியக் கார்களும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் உள்ளே வந்தன. அரசின் ஆராய்ச்சிப் பணமோ பெரும்பாலும் பெரிய பல்கலைக்கழகங்களுக்கும், தேசிய ஆய்வகங்களுக்கும், ராணுவத் தளவாடம் செய்யும் பெருநிறுவனங்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. சின்னக் கம்பெனிக்காரர் வாசற்படி ஏறினாலும் உள்ளே விடுவாரில்லை.

தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் என்று ஓர் அதிகாரி இருந்தார். அரசுப் பணிக்கு வருவதற்கு முன் துணிகர முதலீட்டுத் துறையைப் பார்த்தவர். தனியார் முதலீட்டாளர் எந்த இடத்தில் பணம் போடுவார், எந்த இடத்தில் நழுவிவிடுவார் என்பது அவருக்கு அத்துப்படி. நழுவும் அந்த இடத்தில் அரசு நின்றால் என்ன என்று யோசித்து, 1970களின் பிற்பகுதியில் ஒரு சோதனைத் திட்டத்தைத் தொடங்கினார். அது பலித்தது. அதை முன்மாதிரியாக வைத்து எழுதிய சட்டத்தில் 1982 ஜூலை 22 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். அரசாங்கமே பிரச்சினை என்று மேடைதோறும் முழங்கிய அதே ரீகன்தான்.

சட்டத்தின் சூத்திரம் எளிமையானது. வெளியாருக்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஆராய்ச்சிப் பணம் கொடுக்கும் ஒவ்வொரு அரசுத் துறையும் அதில் ஒரு சிறு பங்கை 500 பேருக்கு மேற்படாத கம்பெனிகளுக்கென்று ஒதுக்கியாக வேண்டும். 0.2 சதவீதத்தில் தொடங்கிய ஒதுக்கீடு 2017இல் 3.2 சதவீதத்தைத் தொட்டது. தங்கள் பங்கு குறையுமே என்று பல்கலைக்கழகங்கள் முதலில் எதிர்த்தன. பல்கலைக்கழகத்தோடு கூட்டுச் சேரும் கம்பெனிகளுக்கென்று 1992இல் ஒரு தம்பித் திட்டமும் வந்து சேர்ந்தது. அண்மை ஆண்டுகளில் பாதுகாப்பு, சுகாதாரம், எரிசக்தி, விண்வெளி என்று பதினொரு துறைகள் இரண்டு திட்டங்களின் வழியாக ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் கொடுத்துவந்தன.

பணம் வருவது படிப்படியாக. முதல் கட்டத்தில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை; எரிசக்தித் துறையில் நெடுங்காலம் இது ஒன்று, ஒன்றரை லட்சம் டாலர் அளவில் இருந்தது, இப்போது கூடியிருக்கிறது. ‘நீ சொல்வது நடக்குமா’ என்ற ஒரே கேள்விக்கான பணம் இது. தேறினால் இரண்டாம் கட்டம்: இரண்டு ஆண்டு, சுமார் பத்து லட்சம் டாலர், செயல்படும் மாதிரி ஒன்று செய்துகாட்ட. மூன்றாம் கட்டத்துக்கு இந்த நிதியிலிருந்து ஒரு காசும் கிடையாது. ஆனால் அங்கே ஒரு சலுகை உண்டு. முதலிரண்டு கட்டங்களில் பிறந்த பொருளை, மறுபடி போட்டி ஒப்பந்தப்புள்ளி கேட்காமல், அந்தக் கம்பெனியிடமிருந்தே அரசுத் துறை நேரடியாக வாங்கலாம். கண்டுபிடிப்பின் காப்புரிமை கம்பெனியிடமே இருக்கும். ஆய்வுத் தரவுகளை இருபது ஆண்டுகள் அரசு வெளியே விடக்கூடாது. இந்த மூன்றாம் கட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பொருளறிவியலில் இது ஏன் வேண்டும்?

ஒரு மென்பொருளை நாலு பேர் ஆறு மாதத்தில் எழுதிவிடலாம். சரிவரவில்லை என்றால் அடுத்த வாரமே மாற்றி எழுதலாம். புதிய உலோகக் கலவை, புதிய மின்முனைப் பொருள், புதிய காப்புப் பொருள் என்றால் கதை வேறு. கிராம் கணக்கில் ஆய்வகத்தில் செய்தது கிலோ கணக்கில் செய்யும்போது வேறு குணம் காட்டும். டன் கணக்கில் இன்னொரு குணம். ஆயிரம் முறை மின்னேற்றி இறக்கிப் பார்க்காமல் ஒரு பேட்டரியை நம்ப முடியாது. ஆயிரம் முறை ஏற்றி இறக்க எவ்வளவு காலமாகுமோ அவ்வளவு காலம் காத்திருந்துதான் ஆக வேண்டும். ஆய்வகத்திலிருந்து சந்தைக்கு வர ஒரு பொருளுக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் பிடிப்பது சகஜம். துணிகர முதலீட்டு நிதியின் ஆயுளோ பொதுவாகப் பத்து ஆண்டு. அதற்குள் போட்டவருக்குப் பணம் திரும்பியாக வேண்டும். பத்துக்குள் இருபதை அடக்க முடியாது.

கிணறு வெட்டுவதற்கு முன்னால் தண்ணீரை ஈடாக வைத்து எந்த வங்கியும் கடன் தராது. தண்ணீர் வந்த பிறகு கடன் தர நான்கு பேர் வருவார்கள். முதல் கட்டப் பணம் வெட்டிப் பார்ப்பதற்கான கூலி. பாறைதான் இருக்கிறது என்று தெரிந்தாலும் அது ஒரு பதில். ஒன்றரை லட்சம் டாலரில் கிடைத்த பதில். அதே பதில் ஒரு தொழிற்சாலையைக் கட்டி முடித்த பிறகு கிடைத்திருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உறைந்த புகை

முதல் உதாரணம் ஏரோஜெல். எடையில் மிக லேசு, பார்வைக்கு நீலம் பூத்த புகைமாதிரி இருக்கும். உறைந்த புகை என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. 1931இல் சாமுவேல் கிஸ்ட்லர் என்ற அமெரிக்க வேதியியலாளர் இதைச் செய்துகாட்டினார்.

ஜெல் என்பது திரவத்தைத் தன்னுள் பிடித்துவைத்திருக்கும் ஒரு திண்மச் சல்லடை. அதைச் சாதாரணமாகக் காயவைத்தால், ஆவியாகும் திரவத்தின் பரப்பு இழுவிசை நுண்துளைச் சுவர்களை உள்ளே இழுக்கும். சல்லடை நொறுங்கிச் சுருங்கிவிடும். கிஸ்ட்லர் இதற்கு ஒரு வழி கண்டார். அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஏற்றிக்கொண்டே போனால், ஓர் எல்லைக்கு மேல் திரவம், ஆவி என்ற பிரிவே மறைந்துவிடும். பிரிவு இல்லையென்றால் பரப்பு இல்லை. பரப்பு இல்லையென்றால் இழுவிசையும் இல்லை. அந்த நிலையில் மெல்லத் திறந்துவிட்டால் உள்ளிருப்பது வெளியேறும், சல்லடை அப்படியே நிற்கும். மிஞ்சுவதில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் காற்று. அந்தக் காற்று அசைய இடமில்லாத நுண்துளைகளில் அடைபட்டுக் கிடப்பதால் வெப்பம் கடப்பது வெகு சிரமம்.

அருமையான வெப்பக் காப்பு. ஆனால் விரலால் அழுத்தினால் உடையும். 1940களில் மொன்சான்டோ கம்பெனி இதைத் தூளாக்கி விற்றுப் பார்த்தது; சந்தை பெரிதாகவில்லை. அறுபது ஆண்டுகள் ஏரோஜெல் ஆய்வக அலமாரியின் அதிசயமாகவே இருந்தது.

1990களின் தொடக்கத்தில் நாசாவின் கென்னடி விண்வெளி மையத்துக்கு ஒரு தேவை வந்தது. ராக்கெட்டுக்கான திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். தொட்டியையும் குழாயையும் சுற்றிக் கட்டுவதற்கு, வளையக்கூடிய, கையாளச் சுலபமான காப்புப் பொருள் வேண்டும். அங்கே குளிர்நுட்பப் பொறியாளராக இருந்த ஜேம்ஸ் ஃபெஸ்மயர் ஏரோஜெல்லைப் போர்வையாகச் செய்ய முடியுமா என்று கேட்டார். மாசசூசெட்ஸில் இருந்த ஆஸ்பென் சிஸ்டம்ஸ் என்ற சிறு கம்பெனிக்கு இந்தத் திட்டத்தின் வழியாகப் பணம் போனது.

ஆஸ்பென் செய்தது சொன்னால் எளிது. கரைசல் ஜெல்லாக இறுகுவதற்கு முன்பே அதை நார் விரிப்பின்மீது ஊற்றினார்கள். இறுகும்போது நாரும் ஜெல்லும் ஒன்றாகிவிட்டன. பிறகு கரியமில வாயுவைக் கொண்டு உலர்த்தினார்கள். அந்த வாயுவுக்கு எல்லை நிலை 31 டிகிரியிலேயே, சுமார் 73 வளிமண்டல அழுத்தத்தில் வந்துவிடும். வந்தது சுருட்டி மடக்கக்கூடிய போர்வை. 2001இல் ஆஸ்பென் ஏரோஜெல்ஸ் என்று தனிக் கம்பெனி பிரிந்தது. 2014இல் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலானது. சுத்திகரிப்பு ஆலைகளும் கடலடி எண்ணெய்க் குழாய்களும் அதன் பெரிய வாடிக்கையாளர்கள். இன்று அதன் மெல்லிய தகடுகள் மின்கார் பேட்டரிகளில் கலத்துக்கும் கலத்துக்கும் நடுவே நிற்கின்றன, ஒன்றில் பிடித்த தீ அடுத்ததற்குத் தாவாமல்.

இங்கே பணத்தோடு கூடவே ஒரு தேவையும் வந்தது. நாசா ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்ததோடு, ‘இந்த வெப்பநிலையில், இப்படி வளைய வேண்டும்’ என்று உபயோகிப்பவரின் இடத்தில் நின்று பேசியது. அந்தப் பேச்சுதான் அறுபது ஆண்டுத் தூக்கத்தைக் கலைத்தது.

மாசசூசெட்ஸில் பிறந்தது, ஷென்ஜெனில் ஓடியது

இரண்டாவது உதாரணம் அவ்வளவு இனிப்பானதில்லை. ஆனால் பாடம் இதில்தான் அதிகம்.

லித்தியம் பேட்டரியின் நேர்மின்முனைக்கு வழக்கமாகக் கோபால்ட் பயன்பட்டது. விலை அதிகம், சூடேறினால் ஆபத்து. இரும்பும் பாஸ்பேட்டும் மலிவு, பாதுகாப்பும் கூட. பல அணுக்கள் சேர்ந்த எதிர்மின் தொகுதிகள் இரும்பின் மின்னழுத்தத்தை உயர்த்துகின்றன என்று 1980களின் இறுதியில் காட்டியவர்கள் ஜான் குட்இனஃபும் ஆறுமுகம் மந்திரமும். மந்திரம் தென் தமிழ்நாட்டு அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்துப் போனவர். 2019இல் ஸ்டாக்ஹோமில் குட்இனஃபின் நோபல் உரையை அவர் சார்பில் ஆற்றியவரும் அவரே. அந்தப் பாதையில் 1997இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாதி என்ற ஆய்வாளர், நஞ்சுண்டசாமி, குட்இனஃப் மூவரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை உலகுக்கு அறிமுகம் செய்தார்கள்.

ஒரே ஒரு குறை. அந்தப் பொருள் மின்சாரத்தைக் கடத்த மறுத்தது. எலக்ட்ரான் நகராத மின்முனையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எம்ஐடி பேராசிரியர் யெட்-மிங் சியாங் துகளை நானோ அளவுக்குச் சிறிதாக்கி, வேற்று உலோக அணுக்களைச் சிறிதளவு கலந்து பார்த்தார். கடத்துதிறன் பல கோடி மடங்கு கூடியது என்று 2002இல் எழுதினார். அதற்கு உண்மையான காரணம் கலந்த உலோகமா, துகள்களின் மேற்பரப்பில் உண்டான வேறு படலமா என்று விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் மோதிக்கொண்டார்கள். மோதல் ஒருபுறம் இருக்க, பேட்டரி வேலை செய்தது. சியாங் கூட்டாளிகளோடு 2001இல் தொடங்கிய ஏ123 சிஸ்டம்ஸ் கம்பெனிக்கு எரிசக்தித் துறையிடமிருந்து முதல் கட்டமாக வந்தது 1 லட்சம் டாலர்.

அந்த 1 லட்சம் தன் வேலையைச் செய்தது. தனியார் முதலீடு பின்னால் வந்தது. 2006இல் டிவால்ட் நிறுவனத்தின் 36 வோல்ட் துளையிடும் கருவிகளில் இந்தப் பேட்டரி ஏறியது. 2009இல் பங்கு வெளியிட்டு ஏறத்தாழ 38 கோடி டாலர் திரட்டினார்கள். அதே ஆண்டு, பொருளாதாரச் சரிவிலிருந்து நாட்டைத் தூக்கி நிறுத்தும் நிதியிலிருந்து, மிஷிகனில் தொழிற்சாலை கட்ட அரசு 24.9 கோடி டாலர் மானியம் அறிவித்தது. முதல் காசோலையைப்போல் ஏறக்குறைய 2,500 மடங்கு.

தொழிற்சாலை எழுந்தது, வாங்குவதற்குக் கார் கம்பெனிகள் எழவில்லை. ஃபிஸ்கர் என்ற புதிய மின்கார் கம்பெனியே பெரிய நம்பிக்கையாக இருந்தது. 2012 மார்ச்சில் ஒரு நுகர்வோர் பத்திரிகை சோதனைக்காக வாங்கிய ஃபிஸ்கர் கார் சோதனையின்போதே நின்றுபோனது. தேடிப் பார்த்தபோது, மிஷிகன் ஆலையில் ஒரு தானியங்கி வெல்டிங் இயந்திரத்தின் அளவு சரியாகத் திருத்தப்படாமல் இருந்தது தெரிந்தது. பழுதான கலங்களை மாற்றித் தர சுமார் 5.5 கோடி டாலர் செலவு. அக்டோபரில் திவால் மனு. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் சீனாவின் வான்ஷியாங் குழுமம் பெரும்பகுதிச் சொத்துகளை ஏறத்தாழ 25.7 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

இதே காலத்தில் சீனாவில் நடந்ததைப் பாருங்கள். 2009இல் ‘பத்து நகரம், ஆயிரம் வண்டி’ என்ற திட்டத்தைச் சீன அரசு தொடங்கியது. நகராட்சிகள் மின்பேருந்து வாங்க மானியம் தந்தது. பேருந்துக்கு எடை ஒரு பொருட்டில்லை. பாதுகாப்பும் ஆயுளும் முக்கியம். இரும்பு பாஸ்பேட்டுக்கென்றே செய்த சந்தை. 2017 முடிவதற்குள் ஷென்ஜென் நகரம் தன் 16,000 சொச்சம் பேருந்துகளையும் மின்பேருந்தாக மாற்றிவிட்டது. வாங்க வாங்கத் தயாரித்தார்கள். தயாரிக்கத் தயாரிக்க விலை இறங்கியது, தரம் ஏறியது. 2023இல் உலகின் மின்கார் பேட்டரித் திறனில் 40 சதவீதத்துக்கு மேல் இந்த வேதியியல்தான், அதில் பெரும்பகுதி சீனாவில்.

அமெரிக்கா தொழிற்சாலைக்குப் பணம் கொடுத்தது. சீனா பேருந்து வாங்கப் பணம் கொடுத்தது. வெல்டிங் இயந்திரம் எந்த ஆலையிலும் பிழை செய்யும். நாளைக்கும் ஆர்டர் இருக்கிறது என்றால் அந்தப் பிழையைத் திருத்திக்கொண்டு ஆலை ஓடும். ஆர்டர் இல்லாத ஆலைக்கு ஒரு பிழையே போதும்.

கணக்கு என்ன சொல்கிறது?

இரண்டு கதையை வைத்துக் கொள்கை வகுக்க முடியாதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். எரிசக்தித் துறையின் 1983 முதல் 2013 வரையிலான விண்ணப்பங்களை சப்ரினா ஹவெல் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். அவருடைய கட்டுரை 2017இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’வில் வந்தது. அதிகாரிகள் விண்ணப்பங்களைத் தரவரிசைப்படுத்தி, ஒரு கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்குப் பணம் கொடுப்பார்கள். கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவரும் சற்று கீழே இருப்பவரும் தரத்தில் ஏறத்தாழ ஒன்றுதான். ஒருவருக்குப் பணம் வந்தது, மற்றவருக்கு வரவில்லை. பிறகு இருவரும் என்ன ஆனார்கள் என்று பார்த்தார்.

சுமார் 1.5 லட்சம் டாலர் முதல் கட்டப் பணம் வாங்கிய கம்பெனிகளுக்குத் துணிகர முதலீடு கிடைக்கும் வாய்ப்பு 10 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாக உயர்ந்திருந்தது. வருமானம் ஈட்டும் வாய்ப்பும் ஏறத்தாழ இரட்டித்தது. அரசு முத்திரை விழுந்ததால் முதலீட்டாளர் நம்பினார் என்று சொல்லத் தோன்றும். ஹவெல் அதை ஏற்கவில்லை. அந்தப் பணத்தில் மாதிரியைச் செய்து சோதித்தார்கள், கேள்விக்கு விடை கிடைத்தது, அதனால் பணம் வந்தது என்கிறார். பலன் மிகுதியாகத் தெரிந்ததும் வேறு வழியில் பணம் புரட்ட முடியாத இளங்கம்பெனிகளிடம்தான். பத்து லட்சம் டாலர் இரண்டாம் கட்டப் பணமோ முதலீட்டிலும் வருமானத்திலும் சொல்லும்படியான மாற்றம் எதையும் காட்டவில்லை. முதல் கட்டத்தில் வென்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இரண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அவர்களில் பலர் ஏற்கெனவே தனியார் பணத்தோடு முன்னால் போய்விட்டவர்கள்.

திட்டத்தின் நோய்களையும் சொல்ல வேண்டும். மானியம் வாங்குவதையே தொழிலாக வைத்துக்கொண்ட கம்பெனிகள் உண்டு. ‘மில்’ என்றே அவற்றுக்குப் பெயர். விண்ணப்பம் எழுதுவதில் கைதேர்ந்தவர்கள், ஆண்டுதோறும் வெல்வார்கள், சந்தைக்கு ஒரு பொருளும் வராது. மேலும் மேலும் மானியம் வாங்குவதால் கம்பெனி வளர்வதில்லை என்று ஜோஷ் லெர்னர் 1990களிலேயே காட்டியிருந்தார். ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டப் பணம் வருவதற்குள் மாதக்கணக்கில் இடைவெளி விழும். எட்டுப் பேர் கம்பெனிக்கு அது சம்பளம் இல்லாத மாதங்கள். திட்டத்தின் உயிரும் நாடாளுமன்றத்தின் கையில். 2022இல் கடைசி நாளன்று நீட்டித்தார்கள். அந்த நீட்டிப்பு 2025 செப்டம்பர் 30இல் முடிந்தபோது புதுப்பிக்காமலே காலாவதியாக விட்டார்கள். இருபது ஆண்டு பொறுமை கேட்கும் துறைக்கு மூன்றாண்டுத் தவணையில் ஆயுள் கொடுக்கும் வேடிக்கை இது.

நமக்கு

இந்தியாவிலும் இந்தச் சிந்தனை வந்து சேர்ந்திருக்கிறது. உயிர்தொழில்நுட்பத் துறை 2005இல் ஏறத்தாழ இதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பாதுகாப்புத் துறை 2018இல் ‘ஐடெக்ஸ்’ திட்டத்தைத் தொடங்கியது. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத்துக்கு 1 லட்சம் கோடி ரூபாய் நிதிக்கு ஒப்புதல் தந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அது தொழில்நுட்ப முதிர்ச்சியில் நான்காம் படியிலும் அதற்கு மேலும் இருப்பவற்றுக்கான, பெரும்பாலும் குறைந்த வட்டிக் கடனாகவோ பங்காகவோ வரும் பணம். அதாவது கிணற்றில் ஈரம் தெரிந்த பிறகு வரும் பணம். ஈரம் உண்டா என்று பார்க்கும் பணத்தை அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆட்சி நடத்துபவர்களுக்கு நான் வைக்கும் கோரிக்கை மூன்று. முதல் காசோலையைச் சின்னதாக, நிறையப் பேருக்கு, சீக்கிரமாகக் கொடுங்கள். அதில் பாதி வீணாகும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு கொடுங்கள், தணிக்கைக்காரருக்கும் அதைச் சொல்லிவையுங்கள். பலமுறை வாங்கியும் ஒரு பொருளும் விற்காதவருக்குக் கதவைச் சாத்துங்கள். மூன்றாவதுதான் முக்கியம். மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், ரயில்வே, ராணுவம் ஆகியவை என்ன வாங்க விரும்புகின்றன, எந்த அளவில், எந்த விலைக்குள் என்று முன்கூட்டியே அறிவிக்கட்டும். முன்பு சொன்ன மூன்றாம் கட்டத்தைப்போல், தேறிய பொருளை நேரடியாக வாங்கட்டும்.

மாணவர்களுக்கும் தொழில் நடத்தும் நண்பர்களுக்கும் ஒன்று. விண்ணப்பம் எழுத உட்காரும்போது எவ்வளவு பணம் கிடைக்கும் என்ற கேள்வியைத் தள்ளிவையுங்கள். இந்த ஆறு மாதத்தில் எந்தக் கேள்விக்கு விடை தெரியும், விடை ‘ஆம்’ என்றால் முதல் ஆர்டர் கொடுக்கப்போவது யார் என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். இரண்டாவது வரியில் ஒரு பெயரை எழுத முடியவில்லையென்றால் விண்ணப்பத்தை மூடிவைத்துவிட்டு அந்தப் பெயரைத் தேடிப் போங்கள். மானியம் அடுத்த ஆண்டும் அறிவிப்பார்கள்.